மண்ணுக்குப் போகாத மச்சான்

மூன்று வருஷம் போதும் என்பார்கள். கியோஸ் தீவு மண்ணுக்கு ஒரு மனிதனைத் தின்று முடிக்க அதற்கு மேல் வேண்டியதில்லை. தோண்டினால் எலும்பு மட்டும் மஞ்சளாகச் சுத்தமாக வரும். வீட்டுப் பெண்கள் அதை ஒயினில் கழுவி, வெயிலில் உலர்த்தி, தகரப் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி எலும்பறையில் அடுக்குவார்கள். குழி அடுத்த ஆளுக்கு. கல்லறைத் தோட்டம் சின்னது, சாகிறவர்களுக்கோ குறைச்சலில்லை.

ஸ்தாமாதிஸை எடுக்கப்போன சனிக்கிழமை காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி கலியோப்பி இரண்டு குப்பி ஒயினும் வெள்ளைத் துண்டும் கொண்டு வந்திருந்தாள். மகன் சிதேரிஸ் பிரேயுஸ் துறைமுகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவன், லீவு போட்டுக் கப்பலேறி வந்திருந்தான். பாதிரியார் லூக்காஸ் தூபக் கரியை ஊதிக்கொண்டிருந்தார். கலியோப்பியின் அண்ணன் யாக்குமிஸ் மட்டும் தள்ளிச் சுவரோரம் நின்றான். வயது எழுபத்தைந்து. பாதிரியார், போலீஸ்காரன், அதிகாரி, மூன்று பேருக்கும் பக்கத்தில் நிற்பதில்லை என்று ரொம்ப நாளாகவே வைத்திருந்தான்.

குழி வெட்டுகிற தீமியோஸ் இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் துழாவினான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

"மண்ணு தின்னல."

பாதிரியார் காதில் சரியாக விழாத மாதிரி, என்ன என்றார்.

"ஆளு அப்படியேதான் இருக்காரு. உடுப்போட."

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. யாக்குமிஸ் போய்ப் பார்த்தான். கடற்படை நீலம் போட்ட கை ஒன்று தெரிந்தது, பித்தளைப் பொத்தான் பளிச்சென்று. அதற்கு மேலே கண்ணைக் கொண்டுபோகவில்லை.

கலியோப்பி ஒயின் குப்பிகளை எடுத்துக் கூடைக்குள் திரும்ப வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள். அவ்வளவுதான்.

ஒரு ஆளை மண் தின்னவில்லை என்றால் அந்தத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம். உயிரோடு இருக்கிற யாரோ ஒருவர் மனசில் அவன் மேல் ஏதோ கிடக்கிறது. மன்னிக்கவில்லை. அது அவனை மண்ணோடு மண்ணாகப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், செத்த தன் அப்பனை நினைத்துக் கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்கள்.

பாதிரியார் செய்ய வேண்டியதைச் சொன்னார். உடலை வடக்கு மூலையில் சைப்ரஸ் மரத்தடியில் மறுபடி புதைப்பது, இன்னும் இரண்டு வருஷம் விடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மன்னிப்பு ஜெபம் படிப்பார். ஸ்தாமாதிஸைத் தெரிந்தவர்கள் எல்லோரும் கோயில் முற்றத்தில் நின்று, அவனை மன்னித்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். மனசில் சொன்னால் போதாது.

யாக்குமிஸ் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தான். ஊரில் அத்தனை பேரும் யார், யார் என்று கேட்டுக்கொள்ளப் போகிறார்கள். அவனுக்குக் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும். காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஆளுக்குத்தான் சவரம் செய்துவிட்டு வந்திருந்தான்.

நடந்தது நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால். ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்துவைத்திருந்த காலம். மச்சான்கள் இரண்டு பேரும் ஒரே போர்க்கப்பலில், பாய்லர் அறையில். ஸ்தாமாதிஸ் அங்கே மேஸ்திரி மாதிரி, கையில் பட்டை வாங்கியவன். யாக்குமிஸ் நெருப்புப் பார்க்கிறவன். ஒரு நாள் கப்பல் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. இளம் லெப்டினன்ட் ஒருவன் படியிறங்கி வந்து, தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டு நிற்காதே, நெருப்பைப் போடு என்றான். யாக்குமிஸ் ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். திரும்பவும் உத்தரவு. போட்டான். அரை மணி நேரத்தில் குழாய்கள் வெந்து சேமியா மாதிரி வளைந்துவிட்டன.

மற்ற காலமாயிருந்தால் அது விபத்து. அந்தக் காலத்தில் அது நாசவேலை. யாக்குமிஸின் பெரியப்பா ஒருவர் கம்யூனிஸ்ட் என்று தீவாந்தரம் அனுப்பப்பட்டவர். அந்தக் காகிதம் போலீஸில் இருந்தது. விசாரணையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேர் ஸ்தாமாதிஸைக் கேட்டார்கள். நீ இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருக்கிறாய், லெப்டினன்ட் உத்தரவு கொடுத்தாரா?

"சத்தம் அதிகமா இருந்துச்சுங்க. காதுல விழல" என்றான் ஸ்தாமாதிஸ்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு யாக்குமிஸ் பத்து மாதம் ராணுவச் சிறையில் கிடந்தான். வெளியே வந்தபோது கடலோடிப் புத்தகம் கிடைக்கவில்லை. அது இல்லாமல் எந்தச் சரக்குக் கப்பலும் ஆளை ஏற்றாது. வீட்டுக்கு ஒரு கப்பல்காரன் இருக்கிற ஊரில் அவன் ஒருவன் தரையில் நின்றான். படகுத் துறையில் அடிப்பலகை சுரண்டும் வேலை. பாசியும் சிப்பியும் சுரண்டிச் சுத்தம் பண்ணி, அது தண்ணீரில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பெண் கொடுக்கவும் யாரும் வரவில்லை.

ஸ்தாமாதிஸ் முப்பது வருஷம் கடற்படையில் இருந்து வாரண்ட் அதிகாரியாக ஓய்வு பெற்றான். குடும்பத்துக்கென்றே பிறந்தவன் என்று ஊர் சொன்னது. அது பொய் என்று யாக்குமிஸாலும் சொல்ல முடியாது. எரிச்சலே அதுதான். மனைவி மக்களை ஊரில் கொண்டுவந்து வைத்த பிறகு, ஒன்றரை நாள் லீவு கிடைத்தாலும் கப்பல் தளத்தில் படுத்து வந்து, ஆறு மணி நேரம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த கப்பலில் திரும்புவான். அந்த ஆறு மணி நேரத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பை இஸ்திரி போடுவான். மகளுக்குப் பின்னல் போட்டுவிடுவான். மாலுமி முடிச்சு, மூன்று நாளைக்கு அவிழாது, ஆசிரியை அவிழ்க்கப் பார்த்துத் தோற்றுப்போனதாகக் கதை உண்டு. கலியோப்பிக்கு இடுப்பு உடைந்து கிடந்த குளிர்காலம் முழுக்க ஒரு நர்ஸைக்கூட உள்ளே விடாமல் அவனே தூக்கினான், அவனே குளிப்பாட்டினான். யாக்குமிஸின் வீட்டுக்கு வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் கேட்காமலே வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவான். சனிக்கிழமை தோறும் மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாடு வரும். கொண்டைக்கடலை, அடைத்த தக்காளி, எதுவோ ஒன்று. யாக்குமிஸ் அதை வாங்கிக்கொள்வான், பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவான். நன்றி சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் எத்தனையோ ஈஸ்டர் ஆட்டைச் சாப்பிட்டார்கள். காதில் விழாத அந்த உத்தரவைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

செத்தபோது யாக்குமிஸ் பெட்டியைத் தோளில் தூக்கினான். மன்னிப்பைப் பற்றி யோசிக்கவில்லை. அப்போது யாரும் கேட்கவில்லை.

குழி தோண்டிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கலியோப்பி வீடு வீடாகப் போக ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வார்த்தை. என் வீட்டுக்காரர் மேல மனசுல ஏதாவது இருந்தா மன்னிச்சிடுங்க. ஊருக்குப் பேசுவதற்கு விஷயம் கிடைத்தது. மற்ற நாளில் ஸ்தாமாதிஸ் தங்கமான மனுஷன், இப்போது ஆளாளுக்கு நினைவு வந்தது. ஒருத்தி, அவன் தன் கோழியைக் கல்லால் அடித்ததாகச் சொன்னாள். கோழி செத்ததா என்று கேட்டதற்கு, இல்லை, ஆனால் முட்டை இடுவதை நிறுத்திவிட்டது என்றாள். காப்பிக்கடைக்காரன், தன் காப்பியைக் கழுவின தண்ணி என்று நாலு பேர் முன்னால் சொன்னதை மன்னித்துவிட்டதாக அறிவித்தான். உண்மையில் அது கழுவின தண்ணிதான். தொண்ணூறு தாண்டிய நாயனக்காரன் ஒருவன், ஸ்தாமாதிஸ் கெடுத்த தன் காதலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தான். கலியோப்பி, பெரியவரே, அது வேற ஸ்தாமாதிஸ், அவர் செத்து நாப்பது வருஷமாச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாளாம்.

யாக்குமிஸ் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவள் எதிர்வீட்டுக்கு வந்தாள், பக்கத்து வீட்டுக்கு வந்தாள், தெருவைக் கடந்து போய்விட்டாள். உட்கார முடியவில்லை. துறைமுகத்துக்கும் கல்லறைக்கும் நடந்தான். காப்பிக்கடையில் பகடை ஆட்டம் பாதியில் எழுந்து போனான், இத்தனைக்கும் ஜெயித்துக்கொண்டிருந்தான். என்னய்யா மூலமா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தான்.

கடைசியில் தீமியோஸைத் தேடிப் பிடித்து, அத்திச் சாராயம் ஒன்று ஊற்றி, உள்ளதைச் சொல்லு என்றான். தீமியோஸுக்கு மறைக்க ஒன்றுமில்லை. முப்பது வருஷமாகத் தோண்டுகிறவன். பருத்தியும் கம்பளியும் போட்டுப் புதைத்தால் மண் சாப்பிடும். ஸ்தாமாதிஸின் பழைய உடுப்பைப் பூச்சி அரித்துவிட்டது என்று மகன் பிரேயுஸில் புதுசாக வாங்கி வந்தானே, அது சுத்தமான பாலியெஸ்டர். பெட்டிக்குள்ளே சுற்றிலும் நைலான் மெத்தை. காற்றும் போகாது, தண்ணியும் போகாது. இந்த மாதிரி அவன் ஐந்தாறு பார்த்துவிட்டான். திரும்பப் புதைக்கும்போது உடுப்பை இரண்டு பக்கமும் கிழித்து, மெத்தையைப் பிடுங்கி எறிந்துதான் மண்ணைத் தள்ளினான். இதைப் பாதிரியாரிடமும் சொன்னான். பாதிரியார், அது பாட்டுக்கு அது இருக்கட்டும், ஜெபமும் இருக்கட்டும் என்றாராம்.

யாக்குமிஸுக்கு மூச்சு வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் துறைக்கு ஓடினான். சிதேரிஸ் பையோடு நின்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப் போனது. ஐம்பது வயது ஆள், சின்னப் பையன் மாதிரி உதட்டைக் கடித்தான்.

"அப்பா கடைசியா நல்லா இருக்கணும்னுதான் மாமா, கடையிலயே ஒசந்ததா வாங்கினேன்."

"தெரியும்டா. உன்னைக் குத்தம் சொல்லல."

"அப்ப அவர் மேல யாருக்கும் எதுவும் இல்லையா மாமா?"

யாக்குமிஸ் கடலைப் பார்த்தான். சங்கு ஊதியது. ஏறு, விட்டுட்டுப் போயிடுவான் என்று மருமகன் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

அன்றைக்குப் பிறகு இன்னும் மோசம். துணிதான் என்று தெரிந்துவிட்டது, சரி. ஆனால் அவன் மன்னிக்கவில்லை என்பதும் நிஜம்தானே. ஒரு விஷயத்துக்கு ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று எவன் சொன்னான்? மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தீமியோஸுக்கு எவ்வளவு தெரியும்? பாதிரியாருக்கு எவ்வளவு தெரியும்? ஒருத்தனையும் நம்பி வளர்ந்தவன் இல்லை யாக்குமிஸ். இப்போது தன்னையே நம்ப முடியாமல் போனது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனே தங்கை வீட்டுக்குப் போனான். கலியோப்பி, செத்தவர் நினைவாக ஞாயிற்றுக்கிழமை அவித்துக் கொடுக்க வேண்டிய கோதுமையைத் தாம்பாளத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயதிலும் கண்ணாடி இல்லாமல் பொறுக்குவாள். அவன் நின்றபடியே பாலியெஸ்டரைச் சொன்னான், நைலானைச் சொன்னான். தீமியோஸை வேண்டுமானால் கூட்டி வருகிறேன் என்றான்.

"சனிக்கிழமையே தெரியும்ணே. தீமியோஸ் பொண்டாட்டி வந்து சொல்லிட்டா."

"பின்ன எதுக்குடி பிச்சைக்காரி மாதிரி வீடு வீடா அலையற?"

அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "உன் வீட்டுக்கு வரப் பயமா இருந்துச்சு. அதான் மத்த வீட்டுக்கெல்லாம் போனேன்."

அவன் ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான். பிறகு நாற்பத்தெட்டு வருஷமாக வாயில் வைத்திருந்ததைத் துப்பினான். அவன் ரெண்டு முழம் தள்ளி நின்னான். எனக்குக் கேட்டது அவனுக்கும் கேட்டுச்சு. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் மனுஷனா இருந்திருப்பேன். என்னால அவனை மன்னிக்க முடியல, என்னை அந்த முற்றத்துக்குக் கூப்பிடாதே.

"தெரியும்" என்றாள் கலியோப்பி.

"என்ன தெரியும்?"

அவள் தாம்பாளத்தைத் தள்ளி வைத்தாள். குரல் நடுங்கவில்லை.

"விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாரு. அப்ப நாங்க தளத்துக்குப் பக்கத்துல ஒத்தை ரூம்ல இருந்தோம். நாளைக்கு உள்ளதைச் சொல்லப்போறேன், லெப்டினன்ட்தான் போடச் சொன்னான்னு சொல்லப்போறேன்னாரு. பொண்ணு பொறந்து ஆறு வாரம். நான் கதவை மறிச்சு நின்னேன். நீங்க சொன்னா உங்களையும் சேத்து உள்ள வைப்பாங்க, நாங்க மூணு பேரும் எங்க போறதுன்னு கேட்டேன். என் அண்ணனுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. அவன் இருந்துட்டு வருவான்னேன்."

யாக்குமிஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"சத்தம் அதிகமா இருந்துச்சுன்னு சொல்லுங்கன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தான். அவருக்கு அப்படி யோசிக்க வராது. பத்து மாசம்னு தீர்ப்பு வந்த அன்னைக்கு இந்த மனுஷன் சாப்பிடல."

"சனிக்கிழமை சாப்பாடு?"

"அவர் சமைச்சாரு. நான் ஒரு நாள்கூட குடுத்து விடலண்ணே. எனக்கு உன் முகத்தை நினைச்சாலே கை ஓடாது. உன்கிட்ட சொல்லிடறேன், சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை செருப்பை மாட்டுனாரு. சொன்னா நான்தான் சொல்லச் சொன்னேன்னு வரும்ல. கழட்டி வெச்சிருவாரு. இப்ப மண்ணுகூட தின்னலன்னு ஊரெல்லாம் அவரைப் பேசுது. நான் உக்காந்து கேட்டுட்டு இருக்கணுமா?"

மன்னிக்க முடியாதென்றால் அவரை விட்டுவிடு, என்னை மன்னிக்காதே, நான் உயிரோடுதானே இருக்கிறேன் என்றாள்.

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவனை ஊரில் பார்த்தவர்கள், கிழவன் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்றார்கள். மேட்டுக்கு ஏறினான், இறங்கினான். படகுத் துறையில் யாரோ சுரண்டிக்கொண்டிருந்த பலகையைப் பிடுங்கிச் சுரண்டினான், பாதியில் போட்டான். கல்லறையின் வடக்கு மூலையில் போய் நின்று, புது மண்ணைப் பார்த்து மடையன் என்றான். மடப்பயல். பெண்டாட்டி பேரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். முடிந்திருக்கும்தான். தங்கை வீட்டு வாசலை அதோடு மிதித்திருக்க மாட்டான். ஈஸ்டர் ஆடு கிடையாது, மருமகப் பிள்ளைகள் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது. வெறுப்பையெல்லாம் அந்த மடையன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, யாக்குமிஸுக்கு ஒரு தங்கையை மிச்சம் வைத்திருக்கிறான். இதுக்கு அவனுக்கு நன்றி சொல்வதா, இன்னும் இரண்டு திட்டு திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் இறங்கி வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றம் நிறைந்திருந்தது. யாக்குமிஸ் கோயிலுக்குள் கால் வைத்துப் பல வருஷம். அன்றைக்கும் வைக்கவில்லை, வெளி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதிரியார் ஜெபத்தைப் படித்துவிட்டு, சொல்லுங்கள் என்றார். கோழிக்காரி சொன்னாள், காப்பிக்கடைக்காரன் சொன்னான், வந்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் சொன்னார்கள். சத்தம் அடங்கியது. பாதிரியார் புத்தகத்தை மூடப் போனார்.

"நானும் மன்னிச்சேன்."

தனியாக வந்தது அந்தக் குரல், தேவைக்கு மேல் உரக்க. எல்லாத் தலையும் திரும்பியது. யாரும் கேட்காமலே யாக்குமிஸ் இன்னொரு தடவை சொன்னான். பாதிரியார் சிலுவை போட்டார். ஊருக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. கொஞ்சமும் புரியவில்லை.

கலியோப்பி அவித்த கோதுமைத் தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்து, கடைசியில் வாசலுக்கு வந்தாள். சர்க்கரையும் மாதுளையும் போட்டிருந்தது.

"அவனுக்குச் சொல்லிட்டேன்" என்றான்.

"கேட்டேன்."

"உனக்குச் சொல்லல."

"அதையும் கேட்டேன்."

"சொல்வேனான்னும் தெரியாது. இப்பதான் ரெண்டு நாளாச்சு. அவனுக்கு நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

"எனக்கு அவ்வளவு நாள் இல்லண்ணே."

"எனக்கும்தான் இல்ல" என்றான் யாக்குமிஸ்.

அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு ஒரு கைப்பிடி கோதுமை அள்ளிக்கொண்டு, அவளிடமிருந்து நாலு அடி நடந்து, நின்று, திரும்பி அதே நாலு அடி வந்து, மென்றுகொண்டே சொன்னான்.

"உப்பு பத்தல."

"இனிப்புல எவன்ணே உப்புப் போடுவான்?"

"அவன் போடுவான். சனிக்கிழமை பாத்திரத்துல இனிப்பு வந்தா ஒரு சிட்டிகை இருக்கும்."

அவளுக்கு அது தெரியாது. ஐம்பது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள், அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாக்குமிஸ் கையைத் தட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். வீட்டுப் பக்கம் போகவில்லை, துறைமுகப் பக்கமும் போகவில்லை. அவள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வருகிறவரைக்கும் அந்த வாசலுக்கு முன்னாலேயே போவதும் வருவதுமாக இருந்தான்.